லூனெஸின் தகப்பன் திருத்தக் கொடுத்த கோட்சூட்

என் வாய் நிறையக் குண்டூசி இருந்த நேரம் பார்த்துத்தான் லூனெஸ் அந்தப் பகிடியை எனக்கு முதல்முதல் நடித்துக் காட்டினான். தையல்காரிக்கு வாய்தானே ஊசிப்பெட்டி. நான் சிரித்துவிட்டேன். ஊசிகள் நாலு பக்கமும் தெறித்தன. பொறுக்கி எடுத்துப் பார்த்தால் ஒன்றைக் காணவில்லை.

"விழுங்கிப்போட்டீங்களோ, மதாம் ராணி?" முகம் வெளிறிப்போய்க் கேட்டான்.

"விழுங்கியிருந்தால் உன்னைப் பொலிசில பிடிச்சுக் குடுத்திருப்பன். தேடு!" என்றேன்.

இரண்டு பேரும் நிலத்தில் தவண்டு தேடினோம். கடைசியில் பார்த்தால் அது என்ர சட்டைக் கழுத்திலேயே குத்திக்கொண்டு நிற்கிறது.

லூனெஸ் பகிடிக்காரன். அதுதான் அவன்ர தொழில். மேடையில் தனிய ஏறி நின்று ஒரு மணித்தியாலம் ஆட்களைச் சிரிக்க வைப்பான். தாய் தகப்பன் அல்ஜீரியாவில் இருந்து வந்தவர்கள். அவன் பிறந்து வளர்ந்தது இங்கே, எங்கட தமிழ்க் கடைத்தெரு லா சப்பலுக்கு அடுத்த தெருவில். அவன் செத்து இப்போது ஐந்து மாதம். ரிவியில் இரண்டு நிமிசம் காட்டினார்கள். பழைய துண்டு ஒன்றைப் போட்டு, கீழே பேரை எழுதி, பிறகு காலநிலைக்குப் போய்விட்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை அவனுக்குச் சொல்லவேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. இந்தக் கிழமைப் பத்தியில் அதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். லூனெஸுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. நாங்கள் கதைத்ததெல்லாம் பிரெஞ்சில். என்ர பிரெஞ்சு எந்த லட்சணம் என்று என்ர மகள் அபிராவைக் கேளுங்கள், சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். காதில் விழுந்ததை எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். "இதென்ன, அல்ஜீரியன் யாழ்ப்பாணத்தான் மாதிரிக் கதைக்கிறான்" என்று தயவுசெய்து ஆரும் போன் எடுக்கவேண்டாம். போன கிழமை எழுதினதுக்கே ஒரு அக்கா போன் எடுத்து அரை மணித்தியாலம் ஏசிவிட்டா.

கையைத் தேடுகிற மனிசன்

அந்தப் பகிடியில் ஒரு கிழவன் வருவான். வேறு ஆருமில்லை, லூனெஸின் தகப்பன்தான். நீல நிற வேலைக் கோட்டு, ஒரு பிளாஸ்டிக் பை. வதிவிட 'காட்' புதுப்பிக்கப் பிரெஃபெக்தூர்க் கந்தோருக்கு வருவான். கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் ஆரும் வந்து இருக்கவில்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றி, அந்த வெறுங்கதிரைக்கு ஒரு 'பொன்ஜூர்' சொல்லுவான்.

பிறகு ஒரு பொம்பிளை வந்து இருந்து ஒரு கடதாசி கேட்பாள். கிழவன் எடுக்கப் போவான். கோட்டின் கை நீளம், உள்ளே இருக்கிற கையைக் காணவில்லை. வலது கையால் இடது கையைத் தேடுவான். இடது கை அகப்பட்டால் வலது கை போய்விடும். "ஒரு நிமிசம் மகள், கை இஞ்சைதான் இருந்தது. காலமை வரேக்கை இருந்தது" என்று அவளைச் சமாதானப்படுத்துவான்.

பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். தடுப்பூசி அட்டை, பழைய பஸ் ரிக்கெற், செத்துப்போன முதலாளி கொடுத்த வேலைக் கடிதம். அவள் கேட்டது மட்டும் வராது. நாளைக்கு வா என்று அவள் எழும்பிப் போன பிறகுதான் இரண்டு கையும் ஒன்றாக வெளியே வரும். கிழவன் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அதோடு விளக்கு அணையும்.

நான் ஏன் அப்படிச் சிரித்தேன்? அந்த வரிசையில் விடிய ஐந்து மணிப் பனிக்குள் நின்றவள் நான். என்ர மனிசனிடமும் அந்தப் பை இருக்கிறது. இப்போது பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வந்து எத்தனையோ வருசம், ஆனாலும் பை அலுமாரிக்கு மேலேதான். எறியுங்கோ என்றால், "கேட்டால் என்னப்பா செய்யிறது?" என்பார். ஆர் கேட்கப்போகினம் என்று நானும் கேட்டுக் களைத்துவிட்டேன்.

குறைக்கலாம், கூட்டுவது கஷ்டம்

அப்போது ரூ பிலிப்-து-ஜிராரில் கடை போட்டுக் கொஞ்சக் காலம்தான். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் முட்டும். காலமை செவ்ரானில் ரயில் ஏறி வந்து கடை திறப்பேன். சாறிச் சட்டை, கல்யாணப் பாவாடை எங்கட ஆட்களுக்கு. காற்சட்டை மடிப்பு, சிப் மாற்றுவது மற்ற ஆட்களுக்கு. கடன்காரர் மாதிரி எல்லாரும் வாசலில் நின்று "முடிஞ்சுதோ, முடிஞ்சுதோ" என்பார்கள்.

லூனெஸ் கொண்டுவந்தது தகப்பனின் வேலைக் கோட்டு. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்துக் கோட்டு. "இதை ரெண்டு சைஸ் பெருப்பிக்க வேணும்" என்றான்.

"உனக்கென்ன விசரே? எல்லாரும் குறைக்கக் கொண்டு வருவினம். குறைக்கலாம், கூட்டுறது கஷ்டம். துணி எங்கையிருந்து வரும்?"

"நான் இதுக்குள்ளை காணாமல் போகவேணும் மதாம்" என்றான். அப்போதுதான் நடித்துக் காட்டினான். ஊசி தெறித்தது அப்போதுதான்.

சந்தையில் அதே நீலத்தில் இன்னொரு பழைய கோட்டு வாங்கி வரச் சொன்னேன். கையின் உள்தையலைப் பிரித்து, ஒரு சாண் துணி வைத்து, முதுகிலும் இரண்டு பட்டி இறக்கினேன். வைத்த துணி நிறம் எடுத்துக் காட்டும் என்று நாலைந்து தரம் தோய்த்துத் தோய்த்துப் பழசாக்கினேன். ஒரு கல்யாணச் சட்டைக்குக்கூட நான் அப்படி மினக்கெட்டதில்லை.

"கொப்பாவுக்குத் தெரியுமோ, இதை எடுத்தது?" என்று கேட்டேன்.

"அலுமாரியில சும்மா தொங்கினது" என்றான். அது மறுமொழி இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஒரு கபேயின் பின்னறையில், இருபது கதிரை போட்டு, அந்தக் கோட்டோடு முதல் முறை ஏறினான். என்னையும் கூப்பிட்டான். அபிராவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். எனக்கு விளங்காத இடத்தில் அவள் காதுக்குள் சொன்னாள், அவளுக்கு விளங்காத இடத்தில் நான் சிரித்தேன். அங்கே இருந்த மாலிக்காரர், துருக்கிக்காரர், எங்கட அண்ணைமார் இரண்டு பேர், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவன் வேர்வையோடு இறங்கி வந்து முதலில் என்னிடம்தான் கேட்டான்: "கோட்டு எப்பிடி?"

மெட்ரோச் சுவரில் அவன்

பிறகு என்ன, மளமளவென்று ஏறினான். இருபது கதிரை நூறாகி, நூறு ஐந்நூறாகியது. ஒரு நாள் மெட்ரோவில் இறங்குகிறேன், சுவரில் ஆளுயரத்துக்கு லூனெஸ். நான் தைத்த கை தொங்குகிறது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிசியிடம் "உது என்ர தையல்" என்று சொல்லிவிட்டேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றா.

படங்களிலும் கூப்பிட்டார்கள். ஒன்றில் கள்ளன், அடுத்ததில் டாக்ஸிக்காரன், பிறகு அதே கள்ளன். "எப்ப மதாம் எனக்கு டொக்டர் வேசம் குடுப்பினம்?" என்று கேட்பான். வெள்ளைக் கோட்டு நான் ஓசியில் தைத்துத் தருகிறேன் என்பேன். பேர் வந்த பிறகும் உடுப்புத் திருத்த என்னிடம்தான் வந்தான். அவன்ர இடுப்பு கூடுவதைப் பார்த்தே நல்ல காலம் என்று நான் சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் வந்து, அளவெடுக்க நின்றவன், கண்ணாடியில் என்னைப் பாராமல் சொன்னான்.

"அப்பா என்னோடை கதைக்கிறதில்லை."

அவன் ரிவியில் வந்ததை ஆரோ தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கிழவருக்குக் காட்டியிருக்கிறார்கள். நாலு பேர் சுற்றி நின்று, உன்ர கை எங்கே, கை எங்கே என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவர் எழும்பி வீட்டுக்கு வந்து, அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறார். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே மேசையில் சாப்பாடு, உப்புத் தா என்றும் கேட்பதில்லை.

"போய்க் காலில விழு" என்றேன்.

"எங்கடை ஆக்கள் காலில விழுறதில்லை மதாம். அவர் ஒருக்கா வந்து பாத்தால் விளங்கும். நான் அவரைப் பாத்துச் சிரிக்கேல்லை, கண்ணாடிக்குப் பின்னாலை இருக்கிறவளைப் பாத்துத்தான் சிரிக்கிறன். ஒவ்வொரு நாளும் மேடையில நிண்டு முன்வரிசையில தேடுறன். அவர் வரமாட்டார்."

அவனுக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினான். எனக்குச் சரியான அந்தரமாக இருந்தது.

சாம்பல் நிறக் கோட்சூட்

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் கதவு மணி கிலுங்கியது. நான் மெசினில் குனிந்திருக்கிறேன், நிமிரவும் இல்லை, அதற்குள் 'பொன்ஜூர்' என்று ஒரு குரல்.

பார்த்தால் நல்ல உயரமான கிழவர். தொப்பி கையில். இடது தோள் வலதை விட இரண்டு விரல் இறங்கி நின்றது. லூனெஸ் மேடையில் அந்தத் தோளையும் அப்படியே இறக்குவான். நான் அதை நடிப்பென்று நினைத்திருந்தேன். ஆளை அதோடு பிடித்துவிட்டேன். ஐயோ, ஏச வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"என்ர கோட்டை வெட்டினது நீயோ?"

"வெட்டேல்லை ஐயா. துணி வைச்சுத் தைச்சனான்." பயத்தில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சும் போய்விட்டது. அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போலத்தான். அதனால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு வடிவாக விளங்கியது.

"நல்ல தையல்" என்றார். "கடைசி வரிசையில இருந்து பாத்தால் ஒட்டுத் தெரியேல்லை."

நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். "எங்கை பாத்தனீங்கள்?"

"தியேட்டரில."

போயிருக்கிறார். ஆருக்கும் சொல்லாமல், தனிய வரிசையில் நின்று ரிக்கெற் எடுத்து, கதவுக்குப் பக்கத்தில் இருந்து முழுவதையும் பார்த்துவிட்டு, வெளிச்சம் போட முன்னம் எழும்பி வந்திருக்கிறார். மனிசிக்கும் தெரியாது. மகனுக்கும் தெரியாது.

பிளாஸ்டிக் பையைத் திறந்து ஒரு சாம்பல் நிறக் கோட்சூட்டை எடுத்து வைத்தார். சந்தையில் வாங்கினது, நல்ல துணி. "இன்னொருக்காப் போகப்போறன். முதல் தரம் போட்டிருந்த உடுப்போடை போயிட்டன். இந்த முறை வடிவாப் போகவேணும். முடிஞ்சாப் பிறகு மேடைக்குப் பின்னாலை போய் அவனுக்குக் கை குடுக்கவேணும்."

நான் அளவுநாடாவை எடுத்தேன். கோட்டின் கை அவருக்கும் நீளம்தான், விரல் நுனி மட்டும் தெரிந்தது. மடித்து ஊசி குத்தும்போது சொன்னார், "கை தெரியிற மாதிரித் தை, மகள். நான் ஒருநாளும் என்ர கையைத் துலைச்சதில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. ஊசி குத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா சொன்னார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பேச்சை மாற்ற, பொத்தான் இரண்டோ மூன்றோ என்று கேட்டேன். இரண்டு என்றார். கொப்பியில் அளவெல்லாம் எழுதி, 'இடது தோள் இரண்டு விரல் இறக்கம், பஞ்சு வைக்க' என்றும் குறித்துக்கொண்டேன்.

போகும்போது வாசலில் நின்று விரலை உதட்டில் வைத்தார். "அவனுக்குச் சொல்லாதை. நான் போய்ச் சொல்லுறன்."

"சத்தியமாச் சொல்லமாட்டன் ஐயா" என்றேன். என்ர வாய் ஒரு கதையையும் கட்டி வைக்காத வாய். அந்த ஒருமுறை மட்டும் கட்டி வைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை வந்து எடுக்கிறதாகச் சொன்னார். புதன்கிழமை இரவே அழுத்தித் தொங்கவிட்டேன். வியாழன் வரவில்லை. வெள்ளி காலமை பக்கத்து இறைச்சிக் கடைக்காரர் வந்து சொன்னார், லூனெஸின் தகப்பன் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவராம், எழும்பவில்லையாம்.

செத்தவீடு

அன்று பின்னேரமே போனேன். நாலாம் மாடி, வாசலெல்லாம் சப்பாத்து. ஆம்பிளைகள் ஒரு அறை, பொம்பிளைகள் ஒரு அறை. நான் லூனெஸின் தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்து அவவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கதவால் பார்த்தால் அடுத்த அறையில் லூனெஸ் தெரிந்தான். அவனைச் சுற்றி ஆட்கள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள். சில ஆட்கள் கட்டிப்பிடிக்கவும் இல்லை. ஒரு வயசான மனிசன் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப்போனதை நான் கண்டேன்.

சொல்லியிருக்கலாம். எழும்பிப் போய்க் காதுக்குள் ஒரு வசனம், கொப்பா வந்து பாத்தவர் என்று. ஆனால் எங்கட ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. செத்தவீட்டில் புது உடுப்புக் கதையா கதைப்பது? தியேட்டர்க் கதையா? பிரேதம் வீட்டுக்கும் வரவில்லை, இன்னும் ஆஸ்பத்திரியில். முப்பத்தொண்டாம் நாள் செய்கை கழியட்டும், ஆறுதலாகப் போய் இருத்திவைத்துச் சொல்லுவோம், உடுப்பையும் கையில் கொடுப்போம் என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

எழும்பினேன். எங்கட பழக்கப்படி ஆரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. செத்தவீட்டில் 'போட்டு வாறன்' சொல்லக்கூடாது, அங்கே திரும்பி வருகிற மாதிரி ஆகிவிடும். முந்தி ஸ்தேன் ஊரில் ஒரு செத்தவீட்டில் சின்ன அபிரா எல்லாருக்கும் பிரெஞ்சில் 'ஓ ருவா', திரும்பச் சந்திப்பம் என்று பெரிதாகச் சொல்ல, தொடையில் கிள்ளி இழுத்துக்கொண்டு வந்தவள் நான். அப்படியே தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்தைப் போட்டுப் படியிறங்கினேன்.

மூன்றாம் மாடிக்கு வரும்போது மேலேயிருந்து சத்தம் கேட்டது. "மதாம் ராணி!"

லூனெஸ்தான். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது என்ர நினைப்பு. நான் திரும்பவில்லை. ஒரேயடியாக இறங்கிப் போய்விட்டேன்.

பிந்திப்போனது

முப்பத்திரண்டாம் நாள் கோட்சூட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பிரேதத்தோடு எல்லாரும் ஊருக்குப் போனவர்கள், லூனெஸ் இன்னும் அங்கே நிற்கிறான் என்று பக்கத்து வீட்டு மனிசி சொன்னா. பிறகு ஊர் ஊராகத் தியேட்டர் என்றார்கள்.

ஒரு வருசம் போயிருக்கும். லா சப்பல் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே எதிரில் வந்தான். என்னைக் கண்டான். கண்டது எனக்குத் தெரியும். அப்படியே ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விட்டான். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பேர் வந்துவிட்டது, இனி நாங்கள் எதுக்கு என்று நினைத்தேன். "போடா போ" என்று தமிழில் பெரிதாகச் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்து, அன்று வந்தவர்கள் எல்லாரோடும் சண்டை பிடித்தேன்.

அபிராதான் ஒரு நாள் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "மாமோன், அவர் அந்தப் பகிடியை இனிச் செய்யமாட்டாராம். தகப்பன் தன்னோடை கதைக்காமலே செத்தவராம். தான் தகப்பனை வித்துச் சாப்பிட்டவனாம்."

அன்றாவது ஓடியிருக்கவேண்டும். தியேட்டர் பின்வாசலுக்கு ஒருக்காப் போனேன், பேர் இல்லை என்று விடவில்லை. கடிதம் எழுதப் பார்த்தேன், என்ர பிரெஞ்சில் அது கடிதமாக வரவில்லை. நான் எழுதித் தாறன் என்று அபிரா நின்றாள். வேண்டாமென்றேன். உண்மையைச் சொன்னால், பயம். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்பான். ஒவ்வொரு வருசமும் அந்தக் கேள்வி பெருத்துக்கொண்டு வந்தது, நான் சின்னனாகிக்கொண்டு போனேன்.

அவனும் இறங்கிக்கொண்டு வந்தான். தகப்பனைச் செய், தகப்பனைச் செய் என்று சபை கத்துமாம், மாட்டேன் என்று நிற்பானாம். ஐந்நூறு கதிரை திரும்பவும் நூறானது. பிறகு கடை திறப்பு விழாக்களில் மைக் பிடித்தான் என்று கேள்விப்பட்டேன். நான் கடையை அதே தெருவில் நாலு வாசல் தள்ளி மாற்றினபோது அந்தக் கோட்சூட் உறையோடு அப்படியே தொங்கியது. அதைக் காணுகிற ஒவ்வொரு முறையும் மற்றப் பக்கம் திரும்பினேன். கோயிலடியில் உடுப்புச் சேர்க்கிறவர்களிடம் கொடுத்துவிட்டேன். அதுவும் நான் செய்த வேலைதான்.

கடைசி அளவு

போன மாரி தொடங்கும் நேரம் ஒரு மனிசன் காற்சட்டையோடு வந்து நின்றார். "இடுப்புக் குறைக்க வேணும்." குரலைக் கேட்டுத்தான் ஆளைத் தெரிந்தது.

நாடாவைச் சுற்றினேன். எண்பத்தெட்டு இருந்த இடுப்பு எழுபத்தொன்று. பிழையாக அளந்தேனாக்கும் என்று திரும்பவும் சுற்றினேன்.

"வருத்தம்" என்றான். "வயித்துக்குள்ளை. கன நாள் இல்லையாம்."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தான். ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அண்டைக்கு நான் கூப்பிட்டனான் மதாம். உங்களுக்குக் கேட்டது. நீங்கள் திரும்பியும் பாக்கேல்லை. எல்லாரும் என்னை அப்பாவை வித்தவன் எண்டுதான் பாத்தவை, அது பரவாயில்லை. ஆனால் நீங்களுமோ?"

கடவுளே, இதுவா? பத்துப் பன்னிரண்டு வருசமாக இதுவா? நான் அழுதுகொண்டே சொன்னேன், எங்கட ஆட்கள் செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை, திரும்பிப் பார்ப்பதில்லை, அது மரியாதை என்று. அவன் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தான். "மரியாதையோ?" என்று கேட்டான். பிறகு ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

மிச்சத்தையும் சொன்னேன். கிழவர் வந்தது, கடைசி வரிசையில் இருந்து பார்த்தது, சாம்பல் நிறக் கோட்சூட், கை குடுக்கப் போகிறேன் என்று சொன்னது எல்லாம்.

அவன் தலையை ஆட்டினான். "சாகப்போறவனுக்குச் சொல்லுற கதை. நல்ல மனசு உங்களுக்கு."

"பொய்யே? நில்!" கோபம் வந்துவிட்டது எனக்கு. லாச்சிகளை எல்லாம் இழுத்துக் கொட்டி அந்தப் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். என்ர எழுத்து அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அளவுகளைக் காட்டினேன். ஒரு தோளின் படம் கீறி, இடது பக்கத்தில் கீழே ஒரு அம்புக்குறி, இரண்டு கோடு.

அவன் அந்த அம்புக்குறியில் விரலை வைத்தான். அவனைத் தவிர வேறு ஆருக்கும் அந்தத் தோள் அவ்வளவு தெரியாது. நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. ஒரு மனிசி பாவாடை கேட்டு வந்தா, நாளைக்கு வாங்கோ என்று கதவைச் சாத்தினேன்.

"வந்தவர்" என்றான்.

"ஓம். வந்தவர்."

"முழுக்கப் பாத்தவரோ?"

"முழுக்க."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன.

"சிரிச்சவரோ?"

பகிடிக்காரன் வேறென்ன கேட்பான்.

"ஓம்" என்றேன். "கண்ணாலை தண்ணி வரச் சிரிச்சவர் எண்டு சொன்னவர்."

அவன் தான் கொண்டுவந்த காற்சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். போகும்போது வாசலில் நின்று இரண்டு கையாலும் என்ர கையைப் பிடித்து 'ஓ ருவா' சொன்னான். நானும் சொன்னேன். ஆறு கிழமையில் போய்விட்டான்.

கிழவர் என்னிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கை நீளம் கேட்டேன், இடுப்புக் கேட்டேன், பொத்தான் இரண்டோ மூன்றோ என்று கேட்டேன். சிரிச்சனீங்களோ என்று மட்டும் நான் கேட்கவேயில்லை.